தட்டில் இல்லாத மூன்று நிமிடம்

பாய்லர்காரர் தம் சொந்த மகளையும் நம்பவில்லை. நம்பாததை மறைக்கவும் இல்லை. மூன்றாம் நாளாக மழை விட்டேனா பார் என்று அடித்துக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமைக் காலையில், அவள் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்குள் குடையை மடக்காமலேயே நுழைந்தார். சட்டைக்குள் கையை விட்டு, வயிற்றோடு அணைத்துக் கொண்டுவந்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் செய்தித்தாள், செய்தித்தாளுக்குள் துணி, துணிக்குள் ஒரு பழைய வீடியோ தட்டு.

"கதவைச் சாத்து."

"அப்பா, இது கடை. சாத்தினா ஆள் எப்படி உள்ள வருவாங்க?"

"இந்த மழையில எவன் தலையைச் சீவிக்கிட்டுப் போட்டோ எடுக்க வரப்போறான்? சாத்துன்னா சாத்து."

சாத்தினாள். வயது முப்பத்தொன்று ஆகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஸ்டூடியோவின் பின்னறைதான் அவள் ராஜ்யம். இரண்டு கணினிகள், தட்டு படிக்கும் பெட்டிகள் நான்கு, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று மூலையில் எரியவிட்ட அறுபது வாட் பல்பு ஒன்று. பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, இறந்துபோனவர் சிரித்த சிரிப்பு என்று மக்கள் கொண்டுவரும் கீறல் விழுந்த தட்டுகளிலிருந்து படத்தை மீட்டுப் புதிய டிவிடியில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை.

"ஒரே ஒரு காப்பி. என் கண் முன்னாடி எடுக்கணும். எடுத்ததும் ரெண்டையும் கையோட கொண்டு போயிடுவேன். உன் கம்ப்யூட்டர்ல மிச்சம் மீதி எதுவும் இருக்கக்கூடாது."

"நான் என்ன கம்பெனிக்காரங்ககிட்ட கொண்டுபோய்க் கொடுக்கவா போறேன்?"

"கம்பெனிக்காரன் யாரை எப்போ விலைக்கு வாங்குவான்னு யாருக்குத் தெரியும்?"

"என்னை வாங்கினா உங்ககிட்டச் சொல்லாமலா இருப்பேன்? பாதி தரேன்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து, அவள் தோளுக்குப் பின்னால், மூச்சு கழுத்தில் படும் தூரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது ஆண்டுகள் அவர் ஒரு சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவர். மருத்துவமனைகளின் விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து, வெந்து, உலர்ந்து, இஸ்திரியாகிப் போகும் ஆலை அது. அத்தனைக்கும் ஆவி கொடுக்கும் பாய்லரின் அழுத்தத்தைக் கால் மணிக்கு ஒரு முறை பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் கடமை. வீட்டில் சோறு பரிமாறும்போதுகூடக் கடிகாரத்தைப் பார்ப்பார். 'பிரஷர்' என்று ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பிற்பகல், மேனேஜரின் பிரிவு உபசார டீ பார்ட்டி மேல்மாடிக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தபோது, கீழே ஆவிக்குழாயின் இணைப்பு ஒன்று வெடித்தது. அந்த வழியாகப் போன இஸ்திரிக்காரர் ஒருவரின் வலக்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. வெடித்தபோது பாய்லர்காரர் தம் இடத்தில் இல்லை, மேலே கேக் தின்றுகொண்டிருந்தார் என்று விசாரணையில் மூன்று பேர் சொன்னார்கள். நான் பாய்லரை விட்டு ஓர் அடிகூட அசையவில்லை என்று அவர் சொன்னார். வேலை போயிற்று. ஓர் ஆளின் கையை வேகவைத்துவிட்டுக் கேக் தின்னப் போனவன் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அதன்பின் கிடங்கொன்றில் காவல் இருந்தார். லாரிக்குச் சீட்டு எழுதினார். எங்கே போனாலும் யாரோ ஒருவனுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது.

அவரிடம் ஓர் ஆதாரம் இருந்தது. அந்த டீ பார்ட்டியைத் தொடக்கத்திலிருந்து வெடிச்சத்தம் கேட்டுக் கேமரா குலுங்கும் வரை படம் பிடித்தவன் அவருடைய மைத்துனன். கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகமும் அதில் தெரிந்தது. அவர் முகம் இல்லை. ஆனால் வேலைநீக்கத்தை எதிர்த்து அவர் போட்ட முதல் வழக்கில் அந்தத் தட்டே அவரைக் கவிழ்த்துவிட்டது. மைத்துனன் அந்தக் காலத்தில் தொழிலில் பெரிய புலி என்று பெயர் வாங்க ஆசைப்பட்டவன். சாதாரண வீடியோ சீடியில் முகம் கலங்கித் தெரிகிறது என்று தன் இஷ்டத்துக்கு ஓர் அளவு வைத்துத் தட்டு போட்டான். அது வீடியோ சீடியின் அளவும் இல்லை, டிவிடியின் அளவும் இல்லை. வீட்டிலிருந்த பெட்டி ஏதோ பெரிய மனது பண்ணி அதைப் படித்தது. நீதிமன்றத்துப் பெட்டி, நடுவர் முன்னிலையில், மூன்று முறை உள்ளே இழுத்து மூன்று முறையும் வெளியே துப்பிற்று. "வெறும் தட்டு போலிருக்கிறது" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். கூடம் சிரித்தது. அன்றிலிருந்து பாய்லர்காரர் நாற்காலியில் உட்காரும்முன் அதன் கால்களைக்கூட ஆட்டிப் பார்க்கும் மனிதரானார்.

இப்போது மேல்முறையீடு. வரும் திங்களன்று இறுதி விசாரணை. எந்தப் பெட்டியிலும் ஓடக்கூடிய டிவிடியாகக் கொண்டுவாருங்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். ஆனால் படத்தில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. மாற்றவில்லை என்று காப்பி எடுத்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மகளாக இருந்தாலும் சரி, கூண்டில் ஏற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

தட்டைப் பெட்டிக்குள் தள்ளினாள். அது சுழன்று, திணறி, மறுபடி சுழன்றது.

"ஏன் முனகுது?"

"வயசாச்சு. உங்களை மாதிரி."

அந்நேரம் அவள் கைப்பேசி அடித்தது. மாமன். அந்தப் படத்தைப் பிடித்த, அம்மாவின் தம்பி. தொழிலை விட்டுத் தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி விற்கப் போய் ஒன்பது ஆண்டுகளான மாமன். பத்து முறை கூப்பிட்டாலும் ஒரு முறை எடுக்காத மாமன். அன்று காலையிலிருந்து மூன்றாம் முறையாகத் தானே கூப்பிட்டான். அவள் எழுந்து முன்கடைக்குப் போய்ப் பேசினாள்.

"குட்டி, அப்பா வந்தாச்சா? தட்டு ஓடுதா?"

"ஓடுது மாமா."

"பழைய ஃபைல், கரகரன்னு இருக்கும். அப்படியே ஏத்தாதே. ரீ-என்கோட் பண்ணிடு. ரெண்டு மணி நேரம் ஓடவிட்டா சுத்தமா வரும்."

"கூடாதுன்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

"வக்கீலுக்கு இந்தத் தொழில்ல என்ன தெரியும்? நான் சொல்றேன், பண்ணு. அப்படியே ஏத்தினா ஓடாது, மறுபடியும் அப்பா அவமானப்படுவார். சொன்னதைக் கேளு."

வைத்துவிட்டான். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரீ-என்கோட் செய்வது என்றால் பழைய படத்தை உருக்கி, புதிய அச்சில் மறுபடி வார்ப்பது. பார்ப்பதற்கு அதே படம்தான். ஆனால் பழைய உலோகத்தின் கீறலோ ஒட்டோ ஒன்றும் மிஞ்சாது. இது மாமனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவன் எதற்கு இவ்வளவு அக்கறைப்படுகிறான்?

"யாரு?" என்றார் அப்பா, அவள் திரும்பி வந்ததும்.

"மாமா."

"அவனுக்கு என்ன வேணுமாம்?"

"ஓடுதான்னு கேட்டார்."

"ஏன் கேக்கறான்?"

அவளுக்கும் அதே கேள்விதான். தகப்பனின் வியாதி தனக்கும் தொற்றிக்கொண்டதே என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

கோப்பு கணினிக்கு வந்து சேர்ந்தது. டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் அதை இட்டதும், எதிர்பார்த்தபடியே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: அளவு ஏற்புடையதன்று. அவளிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. கோப்பின் தலைப்பில், படம் இன்ன அகலம் இன்ன உயரம் என்று சொல்லும் குறிப்பு ஒன்று உண்டு. மென்பொருள் அதை மட்டும்தான் பார்க்கும். அதை டிவிடிக்குரிய அளவாக மாற்றி எழுதினால் ஏற்றுக்கொள்ளும். தயாரித்து முடித்தபின் பழைய எண்ணையே திரும்ப எழுதிவிட வேண்டும். டிவிடிக்கான விதிப்படி அது முறையான தட்டு ஆகாது. ஆனாலும் பெரும்பாலான பெட்டிகள் முணுமுணுக்காமல் ஓட்டும்.

"என்னமோ மாத்தறியே!" அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அந்த எண்ணை நீ மாத்தினதை நான் பாத்தேன்."

"அப்பா, உக்காருங்க. டப்பா மேல ஒட்டின சீட்டு மாதிரி இது. வாசல்ல காவல்காரன் சீட்டை மட்டும்தான் பாப்பான். அவனுக்குப் பிடிச்ச சீட்டை ஒட்டி உள்ள கொண்டுபோறேன். உள்ள போனதும் பழைய சீட்டையே ஒட்டிடறேன். டப்பாவை நான் திறக்கவே இல்லை."

"அப்போ காவல்காரனை ஏமாத்தறே."

"ஆமா."

"நானும் காவல்காரனா இருந்தவன்தான். என்னை எவனும் இப்படி ஏமாத்தினதில்லை."

"ஏமாத்தியிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "சீட்டைத் திரும்ப ஒட்டறதை நான் பாக்கணும்" என்றார். பார்த்தார். எண்ணை விரல்விட்டுச் சரிபார்த்தார்.

டிவிடி பதிவாகி வெளியே வந்தது, சூடாக. மூன்று வேறு பெட்டிகளில் போட்டுக் காட்டினாள். மூன்றிலும் ஓடிற்று. மேல்மாடிக் கூடம், வெள்ளைத் திரைச்சீலை, காகிதத் தட்டுகளில் பிஸ்கட், மேனேஜரின் இறுக்கமான கழுத்துப்பட்டை, ஆலையின் துணி மடிக்கும் பிரிவில் தன்னோடு வேலை பார்த்த பெண்களின் நடுவில், பதின்மூன்று ஆண்டு இளமையான அம்மா. அப்பா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படித் திரும்பியதால்தான் அது கண்ணில் பட்டது. மூலமும் நகலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனையை ஓடவிட்டிருந்தாள். ஒன்றுதான் என்று அறிக்கை சொல்லிற்று. அதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு தகவலையும் தந்தது: இருபத்தாறு நிமிடம் எட்டு வினாடியில் நேர முத்திரை தாவுகிறது, அடுத்த முத்திரை இருபத்தொன்பது நிமிடம் முப்பது வினாடி.

அப்பா இரண்டு தட்டுகளையும் துணியில், செய்தித்தாளில், பிளாஸ்டிக்கில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "அழிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"அழிச்சிட்டேன்."

அழிக்கவில்லை. தகப்பனிடம் அவள் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் முகம் சிவக்காமல் சொன்னது.

அவர் போனதும் இருபத்தாறாம் நிமிடத்தை மெல்ல மெல்ல ஓடவிட்டாள். கேமரா கதவுப் பக்கம் நகர்கிறது. கதவுக்கு முன்னால் தொங்கும் வெள்ளைத் திரைச்சீலை படம் முழுவதையும் நிறைக்கிறது. மறுபடி நகர்ந்து மேசைக்கு வருகிறது. வெள்ளையும் வெள்ளையும் சேருமிடத்தில், சீலையின் ஒரு மடிப்பு மட்டும் சட்டென்று இடம் மாறிற்று. கண்ணை நம்பினால் காற்று என்று சொல்லலாம். எண்ணை நம்பினால் மூன்று நிமிடம் இருபத்திரண்டு வினாடியை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். கத்தரித்தவன் ஒட்டு கண்ணில் படாத இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறான். தொழில் தெரிந்தவன்.

மாலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனபோது மாமனின் நனைந்த செருப்பு வாசலில் கிடந்தது. சமையலறையில் அம்மாவும் அவனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காலடி கேட்டதும் பேச்சு மழையைப் பற்றியதாக மாறிற்று. அம்மா முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு மட்டும் இரண்டு முட்டை, தடித்த ரொட்டி, மேலும் ஒரு குவளை டீ. கூடத்தில் அப்பா ஐம்பது முறையாவது பார்த்த படத்தைப் புதிய தட்டில் ஐம்பத்தோராம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று ஆண்டுகளில் அவர் முகம் அவ்வளவு தெளிந்து அவள் கண்டதில்லை.

"வா குட்டி" என்று மாமன் டீயோடு கூடத்துக்கு வந்தான். "ரீ-என்கோட் பண்ணினியா?"

"இல்லை மாமா. அப்படியே ஏத்திட்டேன்."

அவன் குவளையைக் கீழே வைத்தான். "அப்படியேன்னா?"

"அப்படியேன்னா அப்படியே. உள்ள இருக்கிற நம்பர் உள்பட." அவள் ஈரத் துப்பட்டாவைக்கூட எடுக்கவில்லை. "இருபத்தாறாவது நிமிஷத்துல என்னத்த வெட்டினீங்க?"

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். அப்பா ரிமோட்டை அழுத்தி அதை நிறுத்திவிட்டு எழுந்தார். எழுந்தவர் மைத்துனனை நோக்கிப் போகவில்லை. மகளை நோக்கி வந்தார்.

"கை வச்சிட்டியா? என் கண் முன்னாடியே கை வச்சிட்டியா? யார் சொல்லி வச்சே?"

"நான் வைக்கலப்பா."

"நம்பரை மாத்தினியே! சீட்டு, டப்பான்னு கதை விட்டியே! நான் ஒரு மடையன், தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்பா, நீங்க கால் மணிக்கு ஒரு தடவை லாக் எழுதுவீங்க இல்ல? நடுவுல ஒரு தாளை எவனாவது கிழிச்சா என்ன ஆகும்? ரெண்டே காலுக்கு அடுத்த வரி மூணேகால்னு இருக்கும். கிழிச்ச இடம் தெரியாட்டியும் மணி காட்டிக் கொடுத்துடும். படத்துக்குள்ளயும் அப்படி ஒரு லாக் இருக்கு. அரை நொடிக்கு ஒரு வரி. யாராலும் கண்ணால பாக்க முடியாது. இருபத்தாறு நிமிஷம் எட்டு செகண்டுக்கு அடுத்த வரி இருபத்தொம்பதரை. நீங்க மூணாவது பெட்டியில போட்டுப் பாத்தப்போ எனக்குத் தெரிஞ்சது. உங்ககிட்ட இருக்கிற பழைய தட்டுலயும் இதே நம்பர்தான். வேணும்னா இப்பவே காட்டறேன்."

பதிவேடு எழுதிய மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலையைத் திருப்பி மைத்துனனைப் பார்த்தார்.

"மச்சான், அது டேப் மாத்தின இடமா இருக்கும்" என்றான் அவன். "கேமராவுல டேப் தீந்துபோச்சுன்னா..."

"ஒரு மணி நேர டேப்" என்றாள் பாப்பா. "படம் மொத்தமே நாப்பத்துநாலு நிமிஷம். வெட்டினதையும் சேத்து."

"அப்போ லைட்டு பிரச்சினை..."

"மாமா, காலையிலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டு ரீ-என்கோட் பண்ணு, பண்ணுன்னீங்களே. எதுக்கு? திரும்ப வார்த்தா நம்பர் எல்லாம் ஒண்ணுலேர்ந்து புதுசா ஓடும். ஒட்டே தெரியாது. அதுக்குத்தானே?"

சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் கரண்டியோடு.

"அவனைக் கேக்காதீங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்."

"எதை வெட்டச் சொன்னே?" என்றார் அப்பா.

"உங்களை."

மழை ஓட்டுமேல் இரைந்தது. பாய்லர்காரர் கேட்ட கேள்வி மகளைத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ நான் அதுல இருந்தேனா?"

"அப்பா!" என்றாள் பாப்பா. "நீங்க மேல போனீங்களா?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "கேமரா என்னைப் பாக்கலைன்னு நெனச்சேன்" என்றார் மனைவியிடம். "முதல் தடவை இந்தப் படத்தைப் போட்டுப் பாத்தப்போ ஒவ்வொரு நிமிஷமும் இதோ வரப்போறேன், இதோ வரப்போறேன்னு பாத்தேன். வரலை. கடவுளா பாத்து மறைச்சுட்டார்னு நெனச்சேன். நீயா மறைச்சே?"

"விசாரணையில நீங்க அசையவே இல்லைன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தீங்க. இவன் டேப்புல நீங்க கேக் தட்டோட நிக்கறீங்க. நான் என்ன செய்வேன்? இவன் கால்ல விழாத குறையா கெஞ்சினேன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"பொய் சொல்லப் போறதை நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா? மேல உங்க பக்கத்துலயே நான் நின்னிருந்தேன். அப்படியும் ராத்திரி என்கிட்டயே அசையலைன்னு சொன்னீங்க."

"அந்த மேனேஜரால சொன்னேன்!" அவர் குரல் திடீரென்று பாய்லர் அறையில் கத்தும் குரலாயிற்று. "மேனேஜர் கூப்பிடறார்னு வந்து சொன்னே. போனேன். மூணு நிமிஷம் நின்னேன். அவன் என் முகத்தைக்கூடப் பாக்கலை. திரும்பி வந்துட்டேன். விசாரணையில எனக்கு முன்னாடி அவனைக் கேட்டாங்க. நான் யாரையும் கூப்பிடவே இல்லைன்னு பச்சையா பொய் சொன்னான். வாய் கூசாம! அவன் பொய் சொல்லலாம்னா நானும் சொல்றேன்டான்னு சொன்னேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்த உலகத்துல ஒருத்தனையும் நம்பக்கூடாதுன்னு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். வைக்க இடம் தேடுவதுபோல் சுற்றும் முற்றும் பார்த்து, தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"அவர் பொய் சொல்லலை."

"யாரு?"

"மேனேஜர் உங்களைக் கூப்பிடலை. நான்தான் கூப்பிட்டேன். எல்லாரும் ஜோடி ஜோடியா நின்னாங்க. தட்டை வச்சுக்கிட்டு நான் மட்டும் தனியா நின்னேன். உன் வீட்டுக்காரர் பாய்லரைத்தான் கட்டிக்கிட்டாரான்னு மடிப்புல இருந்தவ ஒருத்தி கேட்டா. சும்மா கூப்பிட்டா நீங்க வரமாட்டீங்க. அதனால மேனேஜர் கேக்கறார்னு சொன்னேன்."

மாமன் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று ஆண்டுகள் ஒருவன்மேல் வைத்த வெறுப்பைத் திடீரென்று எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் பாய்லர்காரர் கையை விரித்து மூடினார்.

பாப்பா மாமன் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க எங்கேர்ந்து எதுவரை வெட்டினீங்க? சரியா சொல்லுங்க."

"மச்சான் கதவைத் தள்ளிக்கிட்டு வர்றதிலேர்ந்து, திரும்பிக் கதவைத் தாண்டிப் போறது வரைக்கும்."

"போனதுக்கப்புறம் திரும்பி வந்தாரா?"

"இல்லை. வந்திருந்தா அதையும் வெட்டியிருப்பேனே."

"கடைசி முத்திரை நாப்பத்துநாலு நிமிஷம் பத்து செகண்ட். வெடிச்சத்தம் கேட்டுக் கேமரா ஆடற இடம்." கைவிரலில் கணக்குப் போட்டாள். "இருபத்தொம்பதரையில கிளம்பினவர், பதினாலு நிமிஷத்துக்கு மேல ஆகியிருக்கு. கீழே போக எவ்வளவு நேரம் ஆகும்பா?"

"ஒரு நிமிஷம்" என்றார் அவர். "ஓடினா அரை நிமிஷம்."

"விசாரணையில சொன்ன அந்த மூணு பேரும் உங்களை மேல பாத்தது நிஜம். வெடிச்சப்போ நீங்க கீழ இருந்ததும் நிஜம். வெட்டாம விட்டிருந்தா ரெண்டும் அந்தப் படத்துலயே இருந்திருக்கும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரிஜினல் டேப் எங்க மாமா?"

"அடுத்த வாரமே அதுமேல ஒரு திறப்புவிழா எடுத்துட்டேன்" என்றான் அவன். "அப்போ டேப் வாங்கக் கையில... சரி, அதை விடு. இல்லை. போச்சு." பிறகு, யாரும் கேட்காமலே, வேகமாகச் சொன்னான்: "மச்சான், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. குட்டி ரீ-என்கோட் பண்ணட்டும். நாலு பேருக்குத்தான் தெரியும். திங்கக்கிழமை படம் ஓடும், நீங்க அதுல இல்லை, ஜெயிச்சாச்சு. அந்த வக்கீலுக்கு நம்பர் பாக்கவா தெரியும்?"

"ஒரு புள்ளி மாறலைன்னு நான் கையெழுத்துப் போடணும்" என்றாள் பாப்பா.

"போடு. என்ன குடி முழுகிடும்?"

"போடமாட்டேன்."

"பெத்த அப்பனுக்காகக்கூடவா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் போடு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் கணத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இப்படி ஓர் உதவியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்டால் மறுக்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. அவர் அவள் முகத்தையும், தரையில் இருந்த மனைவியையும், மைத்துனனையும் வரிசையாகப் பார்த்தார். எவர்மேலும் நம்பிக்கை இல்லாதவர் பார்க்கும் அதே பார்வைதான். அந்த வரிசையின் முடிவில் அவர் தம் கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"அந்த இஸ்திரிக்காரன்" என்றார். "அவன் கை வெந்தப்போ ஓடிப்போய் வால்வை மூடினவன் நான். அவன்கூட என்னை நம்பலை. மேல நின்னவன் எப்படிடா மூடுவேன்னு கேட்டான். நான் மேல போகவே இல்லைன்னு அவன்கிட்டயும் சொன்னேன். மேல என்னைக் கண்ணால பாத்துட்டுக் கீழ வந்தவன்கிட்ட." மகள் பக்கம் திரும்பினார். "வக்கீலம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு இருப்பாங்க?"

மறுநாள் பத்து மணிக்கு நான்கு பேரும் வக்கீலம்மாவின் அறையில் இருந்தார்கள். மழையில் நனைந்த கோப்புக்கட்டுகளை மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்திருந்தார். உட்காரவே நாற்காலி போதவில்லை. பாப்பா எழுதிக் கொண்டுவந்த தாளை அவர் இரண்டு முறை வாசித்தார். அதில் மூன்றே விஷயங்கள்: மூலத்தில் உள்ளது உள்ளபடியே நகலில் இருக்கிறது, தலைப்புக் குறிப்பை மாற்றி மீண்டும் பழையபடி வைத்தேன், இருபத்தாறு நிமிடம் எட்டு வினாடிக்குப்பின் மூன்று நிமிடம் இருபத்திரண்டு வினாடி மூலத்திலேயே இல்லை.

"கடைசி வரியைக் கட்டாயம் எழுதணுமா?"

"அது இல்லாம முதல் வரி பொய்யாயிடும் மேடம்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதைத் தாக்கல் பண்ணினா, எதிர்த்தரப்பு முதல் கேள்வியே, அந்த மூணு நிமிஷத்துல உங்கப்பா எங்கன்னுதான் கேப்பாங்க. வெட்டினது யாருன்னு கேப்பாங்க. அது தனி வம்பு. உங்க மாமாமேல கேஸ்கூட வரலாம்." மாமன் நாற்காலியில் நெளிந்தான். "பதினாலு நிமிஷக் கணக்கை நடுவர் நம்பலாம். நம்பாமலும் போகலாம். டேப்பே இல்லாதப்போ உங்க வாய்ச்சொல்தான். பதிமூணு வருஷமா ஒண்ணு சொல்லிட்டு இப்போ இன்னொண்ணு சொல்ற ஆளோட வாய்ச்சொல். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்" என்றார் பாய்லர்காரர்.

"தோத்தாலும் தோப்போம்."

"சரி."

"எனக்குச் சந்தேகமா இருக்கு. உங்களை யாராவது மிரட்டினாங்களா? இல்ல, கம்பெனி ஏதாவது பேசினாங்களா?"

வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு அவர் சுவர்க்கோழியைக்கூடச் சந்தேகித்து ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். "இல்லை" என்று மட்டும் சொன்னார். "எழுதுங்க. நான் மேல போனேன். மூணு நிமிஷம் நின்னேன். மேனேஜர் என்னைக் கூப்பிடலை. அவர் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்."

வக்கீலம்மா எழுதத் தொடங்கினார். பேனா இரண்டு வரி ஓடியிருக்கும். அதுவரை மூலையில் நின்றுகொண்டே இருந்த அம்மா மேசைக்கு அருகில் வந்தாள்.

"கூப்பிட்டது நான்தான்னும் எழுதுங்க."

"அது வழக்குக்குத் தேவையில்லைம்மா. அவர் போனார், வந்தார், அவ்வளவு போதும். உங்களை எதுக்கு இதுல இழுக்கணும்?"

"கேக்கறவங்களுக்குத் தேவையில்லாம இருக்கலாம்" என்றாள் அம்மா. "வேலையைப் போட்டுட்டுக் கேக் தின்ன ஓடிப்போனவர்னு ஊரெல்லாம் சொல்லுது. அவர் ஓடிப்போகலை. பெண்டாட்டி பொய் சொல்லி இழுத்துட்டுப் போனா. அதை எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க."

வக்கீலம்மா பாய்லர்காரரைப் பார்த்தார், என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல. அவர் தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, அதை மனைவியின் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காந்து சொல்லு" என்றார். "நிதானமா சொல்லு. அவங்க எழுதணும்."